கோடியக்கரையில் தூங்காத விதைகள்

திருத்துறைப்பூண்டியில் இருந்து அகஸ்தியம்பள்ளிக்கு ஒரு ரயில் போகிறது. பல ஆண்டுகள் மூடிக்கிடந்த இந்த 37 கிலோமீட்டர் பாதை, அகலப்பாதையாக மாறி 2023 ஏப்ரலில்தான் மறுபடி திறந்தது. கூட்டம் அதிகம் இருக்காது. ஜன்னலோரம் இடம் கிடைத்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

முதலில் வயல்கள் வரும். கொஞ்ச தூரம் போனதும் வயல்களுக்கு நடுவே திட்டுத் திட்டாக, எதுவும் முளைக்காத வெளுத்த நிலம் தெரியும். கடைசியில் பாத்தி கட்டிய உப்பளங்களும், அவற்றின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்களும். நெல் எங்கே முடிந்தது, உப்பு எங்கே தொடங்கியது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. காவிரி கடைசியாகக் கை கழுவும் இடம் இது. மேட்டூரில் திறந்த தண்ணீர் இங்கே வந்து சேர்ந்தால் வந்தது, இல்லாவிட்டால் வானத்தைத்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் கடைமடை என்று பெயர்.

அகஸ்தியம்பள்ளியோடு ரயில் நின்றுவிடுகிறது. முன்பு தண்டவாளம் கோடியக்கரை வரைக்கும் போனது. இப்போது வேதாரண்யத்தில் இருந்து பஸ் அல்லது ஆட்டோதான். 1930-ல் ராஜாஜி திருச்சியில் இருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளியது இந்தப் பகுதியில்தான். சாலையின் இரு புறமும் உப்பளம் விலகியதும் கோடியக்காடு வருகிறது. குழகர் கோயிலைத் தாண்டினால் காடு மூடிக்கொள்கிறது. அதையும் தாண்டினால் கடல்.

‘கோடி’ என்றால் முனை. வங்கக் கடலோரமாகத் தெற்கே இறங்கிவந்த தமிழ்நாட்டுக் கரை, இந்த முனையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கடலாட வருகிறவர்களுக்கு இது ஆதிசேது. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு, பூங்குழலி படகு விட்ட கரை. பறவை பார்க்கிறவர்களுக்குப் பூநாரைகளின் குளிர்கால வீடு. குழந்தைகளோடு வருகிறவர்கள் வெளிமான் கூட்டத்தையும், சொந்தக்காரர் இல்லாமல் காட்டிலேயே பெருகிவிட்ட குதிரைகளையும் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்புகிறார்கள்.

இவ்வளவும் சரிதான். ஆனால் பயிர்களைப் பற்றிப் படித்தவர்கள் கோடியக்கரைக்கு வந்தால் தலையை நிமிர்த்துவதைவிடக் குனிவதுதான் அதிகம். உதிர்ந்த பழத்தையும் வெடித்த காயையும் வரப்போரக் கதிரையும் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். அவர்கள் தேடுவது விதை.

உலக்கைப் பாலையும் சப்போட்டாவும்

1967-ல் இங்கே சரணாலயம் அறிவித்தபோது அதன் பரப்பு 17.26 சதுர கிலோமீட்டர். வெளிமானைக் காப்பதுதான் அப்போது முக்கிய நோக்கம். 2002-ல் சுற்றியுள்ள சதுப்பு நிலங்களையும் சேர்த்து 38,500 ஹெக்டேருக்கு ராம்சார் ஈரநிலம் என்ற சர்வதேசத் தகுதி கிடைத்தது. மானும் பறவையும் பெயர் வாங்கிக்கொண்டன. அவற்றுக்கு நிழல் கொடுத்த மரத்தைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு இல்லை.

அந்த மரம் பாலை. உலக்கைப் பாலை என்றும் சொல்வார்கள். உலக்கை செய்யும் அளவுக்கு வைரம் பாய்ந்த மரம் என்பதால் அந்தப் பெயர். உயரம் அதிகம் போகாது. உப்புக்காற்றுக்குத் தலையைச் சாய்த்துக்கொண்டு, அடர்த்தியாக, வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும். மழை குறைவான கடலோரத்தில் இலையுதிர்க்காமல் நிற்கும் இந்த வகைக் காட்டை ‘உலர் பசுமைமாறாக் காடு’ என்கிறார்கள். ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை நெடுக இருந்தது. இன்று கோயில் காடுகளாகவும் துண்டு துண்டாகவும் மிஞ்சியிருப்பவற்றில் கோடியக்கரை பெரிய துண்டு.

கோடையில் பாலை பழுக்கும். மஞ்சள் நிறத்தில் வேப்பம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய பழம். நல்ல இனிப்பு, தின்றால் உதட்டில் பால் பிசுபிசுக்கும். சப்போட்டா தின்றால் அதே பிசுபிசுப்பு இருக்குமே, அது தற்செயல் அல்ல. இரண்டும் ஒரே குடும்பம். சப்போட்டாவின் சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம். அது நம் ஊருக்கு வந்து நம் மண்ணில் கால் ஊன்ற, பாலையின் காலைத்தான் கடன் வாங்கியது. நர்சரியில் நீங்கள் வாங்கும் சப்போட்டா ஒட்டுக்கன்றின் அடிப்பகுதி பெரும்பாலும் பாலை நாற்று. பாலை விதையை முளைக்க வைத்து, தண்டு பருத்ததும் அதில் சப்போட்டாவை ஒட்டுக் கட்டுகிறார்கள். மேலே பழம் கொடுப்பது அமெரிக்கா, கீழே வறட்சியைத் தாங்குவது நம் கடலோரக் காடு.

ஒரு காட்டுமரத்தின் விதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒட்டுக்கன்று போதுமான பதில். தோட்டப்பயிருக்கு ஒரு நோய் வரும்போதோ, தண்ணீர் குறையும்போதோ, ஆராய்ச்சியாளர்கள் அதன் காட்டுச் சொந்தங்களிடம்தான் போய் நிற்கிறார்கள். பாலையில் எல்லா மரமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று உப்பை அதிகம் தாங்கும், ஒன்று சீக்கிரம் வளரும், ஒன்று பெரிய பழம் கொடுக்கும். எது நாளைக்கு வேண்டியிருக்கும் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் கொஞ்சம் இருந்தால்தான் தேடுகிறவன் கைக்கு ஏதாவது அகப்படும்.

இதே காட்டில் குருந்தும் இருக்கிறது. திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் குருவைக் கண்டது குருந்த மரத்தடியில் என்பார்களே, அந்தக் குருந்து. காட்டு எலுமிச்சை என்றும் பெயர். பெயருக்கேற்றபடி எலுமிச்சை, நாரத்தைக்கெல்லாம் தூரத்துச் சொந்தம். மழை முடிந்த பருவத்தில் வேலியோரம் தீச்சுடர்போலப் பூக்கும் செங்காந்தள் நம் மாநில மலர். அதன் விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்ச்சிசின் என்ற பொருள் கீல்வாதத்துக்கு மருந்து. அதே பொருளைத் தொட்டுத்தான் பயிர் ஆராய்ச்சியாளர்கள் செடிகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்குகிறார்கள். ஒரு செடியின் விஷம் இன்னொரு செடியைப் பெரிதாக்க உதவுகிறது! (கிழங்கு கொடிய விஷம். குழந்தைகளைத் தொட விடாதீர்கள்.)

ராமர் பாதம் இருக்கும் மேட்டைச் சுற்றிச் சித்த மருத்துவர்கள் தேடி வரும் மூலிகைகள் ஏராளம். தேடி வருகிறவர்கள் எல்லோரும் வேரோடு பிடுங்கினால் என்ன ஆகும்? அந்தக் கவலையில் பிறந்ததுதான் 1993-ல் கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு மூன்றிலும் தொடங்கிய மூலிகைப் பாதுகாப்புப் பகுதித் திட்டம். பெங்களூரைச் சேர்ந்த எஃப்.ஆர்.எல்.எச்.டி. என்ற அமைப்பும் மாநில வனத்துறைகளும் சேர்ந்து, காட்டுக்குள்ளேயே தேர்ந்த இடங்களை ஒதுக்கின. கோடியக்கரையும் அதில் ஒன்று. யோசனை எளிமையானது: செடியைக் காட்டில் இருந்து எடுத்துக் காப்பாற்றாதே, காட்டோடு சேர்த்துக் காப்பாற்று.

பெட்டியில் அடங்காத விதை

அப்படியானால் எல்லா விதையையும் சேகரித்து, டெல்லியில் உள்ள தேசிய மரபணு வங்கியின் குளிர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டால் என்ன? காடு எப்படிப் போனாலும் விதை பத்திரமாக இருக்குமே?

இந்தக் கேள்விக்குப் பதில் கோடியக்கரையின் மேற்குப் பக்கம், முத்துப்பேட்டை வரை விரியும் சேற்றில் இருக்கிறது.

விதைகளில் இரண்டு சாதி. நெல், பயறு, கத்தரி, வெண்டை போன்றவற்றின் விதை காயக் காயத் தூங்கும். ஈரத்தையும் சூட்டையும் குறைத்துக்கொண்டே போனால் அதன் ஆயுள் கூடிக்கொண்டே போகும். விதையின் ஈரப்பதத்தில் ஒரு சதவீதம் குறைத்தால் ஆயுள் இரட்டிப்பு, வெப்பத்தில் ஐந்து டிகிரி குறைத்தால் இன்னொரு இரட்டிப்பு என்பது விதைக்கிடங்குக்காரர்களின் கைக்கணக்கு. மைனஸ் 18 டிகிரியில் பல பத்தாண்டுகள் தூங்கி எழும்.

அலையாத்தியின் விதைக்குத் தூக்கமே கிடையாது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிக் காய் முதிரும்போதே உள்ளே முளை கிளம்பிவிடும். தாய்மரத்தில் தொங்கும்போதே அது பாதி நாற்று. தண்ணீரில் விழுந்ததும் தோலை உரித்துக்கொண்டு மிதந்து, சேறு தட்டிய இடத்தில் சில நாளில் வேர் விடும். அதைக் காயவைத்தால் செத்துப்போகும். உறைய வைத்தாலும் செத்துப்போகும். அலையாத்திக்கு விதை வங்கி வேண்டுமென்றால், அலையாத்திக் காடுதான் அந்த வங்கி.

இந்த மரத்தை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று 2004 டிசம்பர் 26 அன்று கடலே சொல்லிவிட்டது. இன்னொரு காரணமும் உண்டு. வேர் முழுக்கக் கடல்நீரில் நின்றுகொண்டு, உள்ளே புகுந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது இந்த மரம். இலையின் அடியில் விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். கும்பகோணத்துக்காரரான எம்.எஸ்.சுவாமிநாதன் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனத்தில், அலையாத்தியில் இருந்து உப்பைத் தாங்க உதவும் மரபணுக்களைப் பிரித்தெடுத்து நெல்லில் ஏற்றிப் பார்த்தார்கள். அந்த நெல் கடைமடை வயலுக்கு வந்து சேரவில்லை. என்றாலும், நெல்லுக்கு வேண்டிய ஒரு குணத்தைச் சேற்றில் நிற்கும் ஒரு மரத்திடம் கேட்கலாம் என்பது அதில் தெரிந்தது.

ஆனால் மரத்திடம் போவதற்கு முன், நெல்லிடமே கேட்டிருக்கலாம். கடைமடை நெல்லுக்கு உப்பு ஒன்றும் புதிது இல்லை.

குழியடிச்சான்

கோடியக்காட்டை விட்டு வடக்கே வந்தால், வேதாரண்யம் வட்டாரத்து வயல்கள். நாற்று விட்டுப் பறித்து நடுவதெல்லாம் மேல்மடைக்காரர்களின் வசதி. இங்கே பல இடங்களில் ஆவணியில் புழுதியில் நேராக விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் வழக்கம். மழை வந்தால் முளைக்கும். மழை தவறினால் நிலத்தடியில் இருக்கும் உப்பு மேலே ஏறும். அதிகம் பெய்தால் வடியாமல் நிற்கும். ஒரே பருவத்தில் வறட்சி, உப்பு, வெள்ளம் மூன்றையும் பார்த்துவிடும் வயல்கள்.

இந்த மூன்றுக்கும் இடையில் எத்தனையோ தலைமுறை விதைத்து, மிஞ்சியதில் இருந்து விதை எடுத்து, மறுபடி விதைத்து உருவானவை குழியடிச்சான், களர்பாலை போன்ற நெல்கள். குழியடிச்சான் கடலோர உவர் நிலத்தின் நெல். களர்பாலையின் பெயரிலேயே களர் இருக்கிறது. இவற்றின் விளைச்சல் சுமார்தான். ஆனால் மற்ற நெல் கருகிப்போகிற இடத்தில் இவை ஏதோ ஒரு மகசூலைக் கொடுத்துவிடும். கடைமடையில் அந்த ‘ஏதோ ஒன்று’தான் வீட்டில் அடுப்பு எரியக் காரணம்.

கேரளத்தின் கடலோரத்தில் இதற்கு ஒரு சகோதரன் உண்டு, பொக்காளி. அந்த நெல்லில் இருந்த உப்பைத் தாங்கும் மரபுப் பகுதியை விஞ்ஞானிகள் கண்டுபிடித்து ‘சால்டால்’ என்று பெயர் வைத்தார்கள். இன்று பல நாடுகளில் புதிய ரகங்களுக்குள் அதைப் புகுத்துகிறார்கள். பொக்காளியை விதைத்துவந்த குடியானவர்கள் ஒரு தலைமுறை சலித்துப்போய் விட்டிருந்தால், கண்டுபிடிக்க அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

தஞ்சைத் தரணியில் அப்படிச் சலித்துப்போன காலமும் இருந்தது. அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. நாடு அரிசிக்குக் கப்பலை எதிர்பார்த்திருந்த நாட்கள் அவை. 1922-ல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1960-களில் ஜப்பான் நெல்லைக் கலந்து ஏ.டி.டி. 27-ஐக் கொடுத்தது. தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்தில் இருந்தது. குட்டை நெல், உரம், பம்பு செட் என்று வயல் மாறியது. களஞ்சியம் நிறைந்தது, பசி குறைந்தது. அதே வேகத்தில் வீட்டு விதைக்கோட்டைகள் அவிழ்ந்தன. கட்டுவதற்கு யாருக்கும் நேரம் இல்லை. ஒரு ரகம் அழிவது காட்டுத்தீ மாதிரி கண்ணுக்குத் தெரிந்து நடப்பதில்லை. கடைசியாக அதை வைத்திருந்த ஒரு வீட்டில், ஒரு வருஷம் விதைக்காமல் விட்டுவிடுகிறார்கள். அவ்வளவுதான்.

நல்ல கதிரைப் பார்க்காதே

விதை மாதிரி எடுப்பது என்றால் ஒரு பிடி நெல்லை உறையில் போட்டுப் பெயர் எழுதுவதுதானே என்று தோன்றும். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குடியானவர் விதைக்கு எடுக்கும் முறையும் சேகரிப்பாளர் எடுக்கும் முறையும் நேர் எதிர்.

குடியானவர் அறுப்புக்கு முன்பே வயலில் இறங்கி, நன்றாக விளைந்த, பதரில்லாத, நோயில்லாத கதிர்களாகப் பார்த்து ஒதுக்குவார். கலப்பு தெரிந்தால் களைவார். அவருக்கு வேண்டியது அடுத்த வருஷச் சோறு. சேகரிப்பாளரோ கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். வயலின் ஒரு மூலையில் நுழைந்து குறுக்கும் நெடுக்குமாக நடந்து, சில அடிக்கு ஒரு செடி என்று, குறைந்தது ஐம்பது செடிகளில் ஒவ்வொரு கதிர். குட்டையா நெட்டையா, மணி சிவப்பா வெளுப்பா என்று பார்க்கக் கூடாது. அழகான கதிரை மட்டும் எடுத்தால், அழகில்லாத கதிரில் இருக்கும் குணம் தவறிப்போகும். வயலில் அபூர்வமாக இருக்கும் குணமும் பைக்குள் வர வேண்டும் என்பதற்குத்தான் அந்த ஐம்பது.

அப்படி ஒரு அபூர்வம் ஒரு கண்டத்தையே காப்பாற்றிய கதை உண்டு. 1963-ல் உத்தரப்பிரதேசத்தில் ஒரு காட்டுநெல் மாதிரியைச் சேகரித்தார்கள். நம் ஊர்க் குளக்கரைகளிலும் வாய்க்கால்களிலும் களையாக நிற்குமே, மணி முற்றுவதற்குள் தானே உதிர்ந்துவிடுமே, அந்த மாதிரி நெல். அரிசிகூடச் சரியாகத் தேறாது. சில ஆண்டுகளில் ஆசியா முழுக்க ‘புல் குட்டை’ வைரஸ் நோய் நெல்லைத் தாக்கியது. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தது. எதிர்ப்பு இருந்தது அந்த ஒரு காட்டுநெல் மாதிரியில் மட்டும், அதிலும் சில செடிகளில் மட்டும். அதை வைத்து உருவான ஐ.ஆர். 36 ரகம் கோடிக்கணக்கான ஏக்கரில் விளைந்தது. அன்று சேகரித்தவர், இது களைதானே என்று கடந்துபோயிருந்தால்?

கதிரை எடுத்தபின் எழுத்து வேலை. எந்த ஊர், எந்த வயல், மண் என்ன, தண்ணீர் என்ன, எந்த மாதம் விதைத்தது, விதை எங்கிருந்து வந்தது, எதற்குச் சமைப்பார்கள் என்று எல்லாம் எழுத வேண்டும். இந்தக் குறிப்பை ‘பாஸ்போர்ட்’ என்றே சொல்கிறார்கள். பாஸ்போர்ட் இல்லாத விதை அனாதை. முளைக்கும், ஆனால் எதற்குப் பயன்படும் என்று யாருக்கும் தெரியாது.

இதில் பெரிய தலைவலி பெயர். குழியடிச்சானை ஓர் ஊரில் குளியடிச்சான் என்கிறார்கள், இன்னோர் ஊரில் குழிவெடிச்சான். மூன்றும் ஒன்றா, மூன்று நெல்லா? விதைத்துப் பார்த்தால்தான் சொல்லலாம். காட்டில் இருக்கும் பாலை வேறு, வெட்பாலை வேறு, வயலில் இருக்கும் களர்பாலை வேறு. அதனால் வீட்டுப் பாட்டிகளிடம் நின்று கேட்பது இந்த வேலையில் பாதி. எந்த நெல் பொரிக்கு, எது பழையசோற்றுக்கு, எது பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சிக்கு என்று ஆண்களைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

பழைய வீடுகளில் விதைநெல்லை வைக்கோல் புரியால் சுற்றிக் கோட்டை கட்டுவார்கள். நன்றாகக் காய்ந்த நெல், நொச்சி இலையோ வேப்பிலையோ ஊடே, மேலே சாணி மெழுகல். அமாவாசை வெயிலில் காயவைத்தால் பூச்சி அண்டாது என்பது நம்பிக்கை. கடல்காற்றின் ஈரத்தைத் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் கோட்டைக்கு ஒரு பருவம், மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்குள் விதைத்தாக வேண்டும். குளிர் அறையில் இருக்கும் விதையை அப்படி விதைக்க வேண்டியதில்லை. அவ்வப்போது கொஞ்சம் எடுத்து முளைப்புத்திறன் பார்த்து, குறைந்தால் புதுப்பிப்பார்கள்.

குளிர் அறைதான் மேல் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். உறங்கும் விதைக்கு வெளியில் நடப்பது தெரியாது. 1980-ல் உள்ளே போன குழியடிச்சானுக்கு சுனாமி தெரியாது, அதற்கு அப்புறம் மாறிப்போன மழை தெரியாது. வயலில் நின்ற குழியடிச்சான் அத்தனையும் பார்த்திருக்கிறது. செத்தது செத்து, பிழைத்தது விதையாகி இருக்கிறது. அதே சமயம் வயலில் நிற்பது ஒரே புயலில் போகலாம். அறையில் இருப்பது போகாது.

இரண்டு கிலோவுக்கு நாலு கிலோ

சுனாமி நாகை மாவட்டத்து வயல்களில் கடலைக் கொண்டுவந்து கொட்டியது. இனி பல வருஷம் இங்கே எதுவும் விளையாது என்று பேச்சு கிளம்பியபோது, இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் தெற்குப் பொய்கைநல்லூர் போன்ற ஊர்களில் போய் உட்கார்ந்தார். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மழைநீரால் உப்பைக் கழுவி, நிலத்தை மீட்டுக் காட்டினார்கள்.

அவர் தூண்டிவிட்ட ஆட்களில் ஒருவர் திருத்துறைப்பூண்டி அருகே கட்டிமேட்டைச் சேர்ந்த ஜெயராமன். நுகர்வோர் அமைப்பில் வேலை செய்துகொண்டிருந்தவர், ஊர் ஊராகப் போய்ப் பழைய நெல்லைக் கேட்க ஆரம்பித்தார். 2006-ல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா தொடங்கியது. வருகிறவர்களுக்கு இரண்டு கிலோ விதை இலவசம். அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை. கோயிலுக்கு நேர்ந்துகொண்டது மாதிரி ஒரு வாக்கு. கொண்டுவராதவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் கொண்டுவந்தவர்களால் 170-க்கும் மேற்பட்ட ரகங்கள் திரும்பவும் வயலுக்கு வந்தன. காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் என்ற பெயர்கள் நகரத்துக் கடைகளில் காதில் விழ ஆரம்பித்தது அதன் பிறகுதான். அவர் பெயரே ‘நெல்’ ஜெயராமன் ஆனது.

இந்த ஏற்பாட்டின் புத்திசாலித்தனம், விதையை ஒரே இடத்தில் வைக்காததுதான். ஒரு ரகம் நூறு வீட்டில் இருந்தால், ஒரு வெள்ளம் பத்து வீட்டைத்தான் அழிக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலை அதற்குச் சோதனை வந்தது. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. கோடியக்கரைக் காட்டில் மரங்கள் வேரோடு சாய்ந்தன, மான்களும் பறவைகளும் செத்தன. வேதாரண்யத்துத் தென்னையும் மாவும் படுத்துவிட்டன. மாமரம் விழுவது என்றால் தாத்தா வைத்த மரம் விழுவது. மறுபடி வைத்தால் பேரன்தான் பறிப்பான். புயலடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 6 அன்று நெல் ஜெயராமன் புற்றுநோயால் காலமானார்.

திருவிழா நிற்கவில்லை. 2021-ல் தமிழக அரசு அவர் பெயரிலேயே பாரம்பரிய நெல் பாதுகாப்பு இயக்கத்தை அறிவித்து, அரசு விதைப் பண்ணைகளில் பழைய ரகங்களைப் பெருக்கி மானிய விலையில் கொடுக்க ஆரம்பித்தது. நல்ல காரியம்தான். ஆனால் நகரத்துக் கடையில் விலை போகிற கருப்புக் கவுனிக்கும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் இருக்கும் கிராக்கி குழியடிச்சானுக்கு இல்லை. அதற்குச் சர்க்கரை நோயைக் குறைக்கும், எடையைக் குறைக்கும் என்ற விளம்பரமெல்லாம் கிடையாது. அது உப்பில் விளையும், அவ்வளவுதான். உப்பு இல்லாத ஊர்க்காரர்களுக்கு அதன் அருமை தெரியாது. கடல் மட்டம் ஏறிவரும் காலத்தில், கடற்கரையோரம் நெல் விளைக்கும் எல்லா நாட்டுக்காரர்களும் தேடப்போகிற விதை அது.

காட்டிலும் ஒரு போட்டி நடக்கிறது. விழுந்த பாலை மரத்தின் இடத்தில் பாலைக் கன்று மெதுவாகத்தான் எழும். சீமைக் கருவேலத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதன் இனிப்புக் காயை மானும் குதிரையும் ஆசையாகத் தின்று, விதையைச் சாணத்தோடு காடெங்கும் விதைத்துவிடுகின்றன. பாலைப்பழத்தைத் தின்று விதையைப் பரப்ப குரங்கும் நரியும் பறவையும் இருக்கின்றன. வனத்துறை கருவேலத்தை வெட்டிக்கொண்டே இருக்கிறது. அதுவும் முளைத்துக்கொண்டே இருக்கிறது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம், பாலைப்பழத்துக்குக் கோடை. வேதாரண்யத்தில் இருந்து 11 கிலோமீட்டர். சரணாலயத்துக்குள் இருந்து ஒரு காயோ விதையோ கிழங்கோ எடுத்து வரக் கூடாது, சட்டப்படி குற்றம். ஆராய்ச்சிக்கு எடுப்பவர்களும் வனத்துறை அனுமதியோடுதான் எடுக்க வேண்டும். விதை ஆசை இருந்தால் திரும்பும் வழியில் திருத்துறைப்பூண்டியில் இறங்கி, ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா எப்போது என்று விசாரியுங்கள். பெரும்பாலும் கோடையின் கடைசியில், விதைப்புக்கு முன்பாக நடக்கும். மொட்டை மாடித் தொட்டியில் விதைக்கிறவர்கள்கூட வாங்கிப் போகிறார்கள். அடுத்த வருஷம் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.